எடுக்கக் கூடாத தொலைபேசி

வெள்ள முன்னறிவிப்பு அறையில் அவளுடைய வேலையைச் சொல்லிவிடுவது எளிது. மேலே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேலே என்பது பக்கத்து நாடு. ஆறு அங்கேதான் பிறக்கிறது. மலையை விட்டு இறங்கும் இடத்தில் பெரிய அணை. அது நிரம்பி மதகைத் திறந்தால் தண்ணீர் எல்லையைத் தாண்டி, அரை நாளில் இந்த ஊரின் கரையோரத் தெருக்களுக்கு வந்துவிடும். அதனால் காலையும் மாலையும் அந்த அணையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் நீர்மட்டம் சொல்வார். அதையே அட்டவணையாக மின்னஞ்சலிலும் அனுப்புவார். அவள் அதை வாங்கி, 'மேலணைத் தகவல்படி' என்று ஆரம்பித்து, மாவட்ட அலுவலகத்துக்கும் குடிநீர் நிலையத்துக்கும் அனுப்பிவைப்பாள். கரையோரத் தெருக்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் அந்த இரண்டு சொல்லை நம்புவார்கள். மேலணைத் தகவல் என்றால் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள்.

பேசுகிறவரை அலுவலகத்தில் எல்லாரும் மேலணைக்காரர் என்பார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. முதலில் 'மேடம்' என்று கூப்பிட்டார். பிறகு ஒரு மழைக்காலத்தில் இருவரும் தூக்கம் கெட்டு மணிக்கொரு தரம் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் 'தங்கச்சி' என்று தானாக வந்துவிட்டது. அவளும் 'அண்ணா' என்றாள். நீர்மட்டம் சொல்லி முடித்த பிறகு ஒரு நிமிடம் வீட்டுக் கதை ஓடும். அவருக்கு வயிற்றுப் புண். அவளுக்கு மாமியாரின் முழங்கால்.

ஒரு நாள் காலை வழக்கம்போல அவருடைய முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சலைத் திறந்தாள். வழக்கமான அட்டவணைதான். எண்கள்கூடச் சரியாக இருந்தன. திறந்தாள், படித்தாள், மூடினாள், மறந்தும் போனாள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு வேலை நாளின் நடுவில், குடிநீர் நிலையத்தின் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன. பம்புகள் நின்றன. மத்தியானத்துக்குள் மின்நிலையம் போயிற்று, சாயங்காலத்துக்குள் ரயில் சிக்னல். பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். தெருவெல்லாம் வாளியும் ஆளுமாக வரிசை நின்றது. அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். பக்கத்து நாட்டின் வேலை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு அன்று வீட்டுக்கு வந்தவன், குழாயைத் திருகிப் பார்த்தான். அது கொர்ரென்று இரைந்தது.

"நாட்டுக்கு நாடு சண்டைன்னா பீரங்கி வரும்னு நெனச்சேன்," என்றான். "குழாயில காத்து வருது."

அப்போது அவளும் சிரித்தாள். சிரிப்பு அதோடு சரி. கணினிகளைக் கெடுத்த அந்த நாசவேலை உள்ளே நுழைந்த வாசல் எது என்று தேடிக்கொண்டு போனவர்கள், கடைசியில் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார்கள்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். வயதில் இளையவர். தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஜன்னல் இல்லாத அறையில் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அவளும் மேலணைக்காரரும் பேசியது எல்லாம் அதில் இருந்தது.

"இந்த மெயிலைத் தொறந்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"சந்தேகமே வரலையா?"

"தினமும் வர்ற மெயில். தினமும் வர்றதுல என்ன சந்தேகம் வரும்?"

அவர் எழுதிக்கொண்டார். "இவரை அண்ணான்னு கூப்பிட்டிருக்கீங்க. ஏன்?"

"வயசுல பெரியவர் சார்."

"வேற நாட்டு அதிகாரி."

"வேற நாட்டு அதிகாரிக்கும் வயசாகும்ல சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க மாமியாரோட முழங்காலைப் பத்தி அடிக்கடி விசாரிச்சிருக்கார். இது ஏதாவது ஜாடைப் பேச்சா? முழங்கால்னா வேற எதையாவது குறிக்குமா?"

"அத்தைகிட்ட சொன்னா சந்தோஷப்படுவாங்க. அந்த முழங்காலைப் பத்தி வீட்டுல நாங்க யாருமே இவ்வளவு அக்கறையா கேட்டதில்ல."

அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. விசாரணை பல நாள் இழுத்தது. கடைசியில், கவனக்குறைவுதான், துரோகம் இல்லை என்று எழுதினார். அவளை வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. அந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எழுந்து போகும்போது அவள் கேட்டாள். "அவங்கதான் செஞ்சாங்களா சார்?"

"அவங்க மெஷின் வழியா வந்திருக்கு."

"அவங்க வழியா வர்றதும் அவங்க செய்யறதும் ஒண்ணா?"

"இல்ல." கோப்பை மூடினார். "ஆனா டிவியில கீழே ஓடற வரியில அவ்வளவுக்கெல்லாம் இடம் பத்தாது."

அந்த வரி அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. ஆதாரம் கையில் இருக்கிறது என்றது இந்த நாடு. எங்கள் கணினிகளும்தான் பாழாய்ப் போயிருக்கின்றன, எங்களைக் கேட்டால் என்ன தெரியும் என்றது அந்த நாடு. தூதர்கள் பெட்டி கட்டினார்கள். எல்லைச் சாவடியைப் பூட்டினார்கள். ஆற்றுத் தகவல் உடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக ஒரு காகிதம் வந்தது. அதன் கடைசி வாக்கியம் அவளுக்கானது: மேற்படி தொலைபேசி அழைப்புகளை ஏற்கக் கூடாது.

மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு, தொலைபேசி அடித்தது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. மாலையிலும் அடித்தது. அடுத்த நாளும் அடித்தது. அறையில் இருந்த மற்றவர்கள் அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போகப் பழகிக்கொண்டார்கள். மிரட்டிக்கொண்டு அடித்த தொலைபேசி என்றால்கூடப் பரவாயில்லை. இது, சொந்தக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டும் கதவைத் திறக்காதவளாக அவளை ஆக்கிவிட்டது. பிறகு ஒரு நாள் அது அடிக்கவில்லை. அணையின் நீர்மட்டம் இனிமேல் தேசப் பாதுகாப்பு ரகசியம் என்று அந்த நாடு அறிவித்திருந்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் சிறை.

மழைக்காலம் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

மூன்றாம் நாளும் விடாமல் கொட்டிய காலையில், அவள் தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், இரத்த அழுத்தக்காரர். எல்லையில் இருந்த மின்னணு அளவுகோல்களையெல்லாம் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பாலத்துத் தூணில் பெயிண்டால் போட்ட கோடுகளும், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு காவலாளியும்தான்.

"தூணைப் பார்த்தா நேத்து இருந்த அளவுதான் சார். அதான் பயமா இருக்கு. இவ்வளவு மழைக்கு ஏறியிருக்கணும். மேல தேக்கி வச்சிருக்காங்க. எப்ப தொறப்பாங்கன்னு தெரியல."

"தலைமைச் செயலகத்துல கேட்டுட்டேன். நடுநிலை நாட்டுத் தூதரகம் மூலமா எழுதிக் கேக்கறாங்களாம்."

"பதில் எப்ப வரும்?"

"ரெண்டு நாள் ஆகும்."

"தண்ணி அரை நாள்ல வரும் சார்."

மேலணை இணைப்பின் இன்னொரு கருவி அவர் மேசையில் இருந்தது. அவள் அந்தத் தொலைபேசியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எழுந்து கதவு வரைக்கும் போனார். வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். தெரியாது, பார்க்கவில்லை, நான் அப்போது அறையில் இல்லை என்று சொல்ல அவருக்கும் ஒரு வழி வேண்டுமே. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடும்மா," என்றார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அவர்தான். ஆனால் அந்நியக் குரலில் பேசினார். "கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க."

"அண்ணா, நான்தான்."

"மன்னிக்கணும். இந்த அழைப்புக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"தெரியும் அண்ணா. எனக்கும் கேட்க அனுமதி இல்ல."

கம்பியில் மழை இரைந்தது, அங்கே பெய்கிறதா இங்கே பெய்கிறதா என்று தெரியாதபடி. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் கேட்டுட்டிருப்பாங்க தங்கச்சி."

"கேப்பாங்க."

"கேக்கட்டும்." பெருமூச்சு விட்டார். "எல்லா மதகையும் தொறக்கறோம். மத்தியானம். இனிமே தாங்காது. கரையில ஒருத்தரும் இருக்க வேணாம். வச்சிடறேன்."

அவள் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

தலைமைப் பொறியாளர் அறிவிப்பை எழுத உட்கார்ந்தார். 'மேலணைத் தகவல்படி' என்று எழுதப் போன பேனாவை அவள் நிறுத்தினாள்.

"அதை எழுதாதீங்க சார். எழுதினா அவர் சொன்னார்னு ஆயிடும். அவரை அங்கேயே முடிச்சிடுவாங்க."

"வேற என்ன எழுதறது? காரணம் கேப்பாங்களே."

"தூண் அளவுப்படின்னு எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். மாவட்ட அலுவலகத்திலிருந்து எல்லார் கைபேசிக்கும் எச்சரிக்கை போயிற்று. ஒருவரும் அசையவில்லை.

தாக்குதல் நடந்த நாளிலிருந்து மக்களுக்குக் கைபேசிச் செய்தி என்றாலே விளையாட்டாகிவிட்டது. வங்கி மூடப்போகிறது என்று ஒரு செய்தி வரும், குடிநீரில் விஷம் என்று இன்னொன்று வரும். மறுநாள் எல்லாம் பொய் என்று மூன்றாவது வரும். இதுவும் அவர்கள் வேலைதான், பயமுறுத்தி வீட்டைக் காலி பண்ணவைத்துத் திருடப் பார்க்கிறார்கள் என்று கரையோரத் தெருவில் பேசிக்கொண்டார்கள். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். ஒலிபெருக்கி வைத்த வண்டி போயிற்று. போலீஸ் போயிற்று. கணவன் தன் பேருந்தை, யாரையும் கேட்காமல், வழித்தடத்தை விட்டுத் திருப்பிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்தினான். அவளும் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

அந்தத் தெருவின் கடைசி வீடு ஒரு தையற்காரருடையது. கணவனின் சீருடையைத் தைத்துக் கொடுப்பவர். மனைவிக்கு நடமாட்டம் குறைவு. அவர் கதவைத் திறந்து, நனைந்து நின்ற அவளையும் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு போலீஸ்காரர்களையும் பார்த்தார்.

"இவளைத் தூக்கிக்கிட்டு இந்த மழையில எங்கம்மா போறது?"

"பஸ் நிக்குது அய்யா. நாங்க தூக்கறோம்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. மேலணையிலேர்ந்து சொன்னாங்களா?"

போலீஸ்காரர்கள் அவளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டிருந்தது.

"இல்ல அய்யா," என்றாள். "தூண் அளவுப்படி சொல்றோம்."

"தூணைத்தான் நானும் காலையில பார்த்தேனே. நேத்து மாதிரியேதான் இருக்கு." அவர் ஆறுதலாகவே பேசினார். "அலையாத போ. மேலேயிருந்து தகவல் வந்தா சொல்லு, அடுத்த நிமிஷம் கிளம்பறோம்."

அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். கெஞ்சினாள். போலீஸ்காரர் மிரட்டிப் பார்த்தார். தையற்காரர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த தெருவில் வீடுகள் மிச்சம் இருப்பதாக ஒலிபெருக்கி வண்டியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள்.

தண்ணீர் வந்தது. தெரு முழுகிற்று, ஆட்கள் பிழைத்தார்கள், நூற்றுக்கணக்கில் பிழைத்தார்கள். தையற்காரரும் அவர் மனைவியும் பிழைக்கவில்லை.

'எச்சரிக்கை இன்றித் திறந்துவிட்டார்கள்' என்று மறுநாள் எல்லாச் செய்தியிலும் வந்தது. முதலில் கணினி, இப்போது தண்ணீர் என்றார்கள். எல்லைக்குப் படை போயிற்று. பேருந்தில், கடையில், எங்கே பார்த்தாலும் பழிவாங்க வேண்டும் என்ற பேச்சு. அவள் ஒன்றும் பேசவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள்; அதுவாவது சத்தம் போடலாம்.

விசாரணை அதிகாரி மறுபடியும் வந்தார், இந்த முறை அவள் அலுவலகத்துக்கே. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"நீங்க பேசினது எங்ககிட்ட இருக்கு."

"இருக்கும்னு தெரியும் சார்."

"அவர் சொல்லியிருக்கார். அவங்க சொல்லவே இல்லன்னு நாம சொல்லிட்டோம்." மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார். "இது வெளிய வந்தா, படையெல்லாம் எதுக்குப் போச்சுன்னு ஜனங்க கேப்பாங்க. மேலிடத்துல வெளிய விட வேணாம்கறாங்க. உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நீங்க பேச மாட்டேன்னு."

"நானே கேக்கணும்னு இருந்தேன் சார். வெளிய விடாதீங்க. அந்த மனுஷன் குரல் இங்க டிவியில வந்தா, அங்க அவர் கதி என்ன?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "அப்போ அவங்க கேக்கறதும் நீங்க கேக்கறதும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

தையற்காரரின் மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். செய்தி கேட்டு வந்தவள், காரியமெல்லாம் முடிந்த பிறகும் போகாமல், சேறு படிந்த வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கப் போனபோது, மகள் வாசற்படியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா அந்தப் பாவிங்க? மேலேயிருந்து சொன்னாங்கன்னா எங்கப்பா உயிரையே பணயம் வச்சு அம்மாவைத் தூக்கிட்டு ஓடியிருப்பாரே."

அவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவைத் தட்டியது நான்தான் என்பதையும் சொல்லவில்லை.

வீட்டில் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன், "அங்க ஒரு உசிரு, இங்க ரெண்டு உசிரு. அந்த ஒரு நொடியில யாரால எடை போட முடியும்?" என்றான். அவனால் முடிந்த ஆறுதல் அது. எடை போட முடியாதென்றாலும் எடைக்கல் அவள் கையில்தான் இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை.

சண்டை வரவில்லை. இரண்டு நாடுகளும் களைத்துப்போயின. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது: எந்த நாட்டையும் சேராத ஒரு கும்பல், இந்த நாட்டுக் கணினி வழியாக அந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக் கணினி வழியாக இந்த நாட்டுக்கும் புகுந்திருக்கக்கூடும். கூடும் என்றுதான் எழுதியிருந்தார்கள். செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்," என்றான் கணவன்.

"கூத்தாடி யாருன்னே தெரியலையே," என்றாள் அவள்.

தூதர்கள் திரும்பி வந்தார்கள். மந்திரிகள் கைகுலுக்கினார்கள். தொலைபேசியை மறுபடி இணைத்தார்கள்; புதுக் கருவி, புது விதி. எழுதிக் கொடுத்திருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும். முதல் நாள் காலை அடித்தபோது அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

ஒரு இளம்பெண்ணின் குரல் நீர்மட்டத்தை வாசித்தது. அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்றது குரல்.

"முன்னால அங்க ஒருத்தர் இருந்தாரே..."

"எனக்குத் தெரியாது மேடம்." சிறிது தயங்கி, இன்னும் தணிந்த குரலில், "அவரைப் பத்தி இங்க யாரும் பேசறதில்ல மேடம்," என்றது.

அன்று மாலை அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கரையோரத் தெருவுக்குப் போனாள். தையற்காரரின் மகள் கணவனையும் கூட்டிவந்து அங்கேயே தங்கிவிட்டிருந்தாள். அப்பாவின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தொழிலையும் தொடங்கியிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். இனிமேல் காப்பாற்ற மேலணையில் யாரும் இல்லை. ஆனால் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? அப்பா கேட்டார், இல்லை என்று நான்தான் சொன்னேன். வெறுக்க ஒரு நாடு இருந்த இடத்தில், வெறுக்க ஒரு அக்கா கிடைப்பாள். அதை எண்ணிப் பயந்தாளா, இவளுக்காக இரங்கினாளா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

"போனெல்லாம் திரும்ப வந்திடுச்சாமே அக்கா," என்றாள் மகள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "இனிமே முந்தியே சொல்லிடுவாங்களா?"

"சொல்வாங்க."

"நம்பலாமா?"

"நம்பு."

மகள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். எழுந்து, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"நம்பறேன். ஆனாலும் இது இனிமே மாடியில இருக்கட்டும். வீட்டுக்காரர் வர நேரமாகும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்கக்கா."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பிடித்தாள். இரும்பு கனத்தது. குறுகலான படி. பாதியில் மூச்சு வாங்கியது. மெஷினைப் படியில் சாய்த்து நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அவசரமில்லக்கா," என்றாள் மகள். "மெதுவா போவோம்."